காலி ரெஜெக்ஸ் பேட்டர்ன் வந்தால் பெர்ல் என்ன செய்யும், நாம் என்ன செய்ய வேண்டும்: முழுமையான வழிகாட்டி

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபார ஆபீசுக்கு பெர்ல் என்ற புரோகிராம் மொழியில் நான் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட் ஒன்று பல மாதமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பவானி ஜமக்காளம், சென்னிமலை பெட்ஷீட், கரூர் போர்வை என்று அன்றாடம் வெளியே போகும் சரக்குப் பதிவை வரி வரியாகப் படித்து, பார்ட்டி பெயர்கள் இருக்கும் ஒரு சின்னக் கோப்போடு ஒப்பிட்டு, யாருக்கு எத்தனை பீஸ் போனது என்று கூட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் கணக்குப் பார்க்கும் பெரியவர் கூப்பிட்டு, "ஏனுங்க தம்பி, கரூர் சரக்கு மட்டும் ரெண்டு வாட்டி ஏறியிருக்குதே, பார்த்தீங்களா?" என்றார். பவானி சரி, சென்னிமலை சரி, கரூர் மட்டும் இரட்டிப்பு. கூட்டல் தப்பாக இருந்தால் எல்லாமே தப்பாக வந்திருக்கும், அதனால் அரை நாள் கரூர் வரிகளையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிகளில் ஒரு குற்றமும் இல்லை. பார்ட்டி கோப்பின் கடைசியில் ஒரு வெற்று வரி இருந்தது, காரணம் அதுதான்.

ரெஜெக்ஸ் என்பது எழுத்துகளுக்குள் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் குறிமொழி, அதில் நாம் எழுதும் தேடல் வடிவம்தான் பேட்டர்ன். அந்த வெற்று வரி என் ஸ்கிரிப்டில் காலி பேட்டர்னாகப் போய்விட்டது. ஒரு காலி பேட்டர்ன் எப்படி கரூரை மட்டும் பிடித்தது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த விஷயம் முழுவதும் பிடிபட்டுவிடும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். உதாரணங்களில் வேரியபிள்களுக்குத் தமிழ்ப் பெயரே வைத்திருக்கிறேன். ஸ்கிரிப்டின் தலையில் யுடிஎஃப்8 பிராக்மாவை, அதாவது கோப்பு யுடிஎஃப்8 எழுத்துமுறையில் இருக்கிறது என்று சொல்லும் வரியை, போட்டுவிட்டால் பெர்ல் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். வேரியபிள்களை அறிவிக்கும் வரிகளை இடம் கருதி விட்டுவிட்டேன், நீங்கள் எழுதும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்

இந்த நான்கு வரியை ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொன்றும் பொருந்தியதா இல்லையா என்று அச்சிடச் சொல்லுங்கள். இரண்டு சாய்கோட்டுக்கு நடுவில் இருப்பது பேட்டர்ன், =~ குறி இடப்பக்கம் இருப்பதை அதோடு பொருத்திப் பார்க்கும்.

$தேடல் = "";
"கரூர் கிளை" =~ /கரூர்/;
"பவானி ஜமக்காளம் 40" =~ /$தேடல்/;
"கரூர் போர்வை 25" =~ /$தேடல்/;

காலி பேட்டர்ன் என்றால் எதுவுமே கேட்காத பேட்டர்ன், அது எந்த வரியோடும் பொருந்த வேண்டும் என்றுதான் யாரும் நினைப்போம், கணக்குப்படியும் அதுதான் சரி. ஆனால் மூன்றாவது வரி பொருந்தாது. நான்காவது வரி பொருந்தும். இரண்டாவது வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் இரண்டுமே பொருந்தும். அதாவது ஒரே காலி பேட்டர்ன், முன்னால் என்ன நடந்தது என்பதைப் பொறுத்து வேறு வேறு விடை தருகிறது.

இரண்டாவது படி: விதியைச் சரியாகப் படியுங்கள்

பெர்லின் விதி இது: பேட்டர்ன் மதிப்பிட்ட பிறகு காலி ஸ்டிரிங்காக, அதாவது ஓர் எழுத்தும் இல்லாத எழுத்துச் சரமாக, வந்தால், அதற்குப் பதிலாக, கடைசியாக வெற்றிகரமாகப் பொருந்திய பேட்டர்னை எடுத்துப் பயன்படுத்தும். அதற்கு முன் எதுவுமே பொருந்தியிருக்கவில்லை என்றால் மட்டும், சத்தமே இல்லாமல், உண்மையான காலி பேட்டர்னாக நடந்துகொண்டு எல்லாவற்றோடும் பொருந்தும். எச்சரிக்கையும் வராது, பிழைச் செய்தியும் வராது.

இதில் "வெற்றிகரமாக" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். முந்தைய சோதனை தோற்றுப்போயிருந்தால் அது கணக்கில் வராது, அதற்கும் முன்னால் எது ஜெயித்ததோ அதுதான் வரும். ஆகவே, ஒரு நாள் வந்த கோப்பில் தலைப்புச் சோதனை ஜெயித்தால் ஒரு விடை, மறுநாள் தோற்றால் வேறு விடை, அதே ஸ்கிரிப்ட், அதே காலி வரி. இந்த மாதிரி பக் ஒன்றைத் தேடும்போது "நேத்து நல்லாத்தானே ஓடுச்சு" என்ற வார்த்தையை நம்பி எதையும் ஒதுக்கிவிடக் கூடாது. இன்னொன்று, கடைசி வெற்றி என்பது அந்த பிளாக்கின், அதாவது ஒரே அடைப்புக்குள் இருக்கும் வரித் தொகுப்பின், எல்லைக்கு உட்பட்டது. திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் ஜெயித்தது லூப்பை விட்டு வெளியே வந்ததும் மறக்கப்பட்டு, வெளியே முன்பு ஜெயித்ததே மறுபடி கடைசி வெற்றியாகிவிடும்.

என் ஸ்கிரிப்டில் நடந்ததும் இதேதான். கோப்பின் முதல் வரியில் கரூர் கிளையின் பெயர் இருக்கிறதா என்று லூப்புக்கு வெளியே ஒரு சோதனை, அது ஜெயித்திருந்தது. வெற்று வரியிலிருந்து வந்த காலி பார்ட்டி பெயர் பேட்டர்னாகப் போனபோது பெர்ல் அந்தக் கரூரை எடுத்து வைத்துக்கொண்டது. ஏற்கனவே கரூர் பார்ட்டிகளுக்குக் கூட்டிய வரிகளையே பெயர் இல்லாத ஒரு பார்ட்டிக்கும் கூட்டிவிட்டது.

பேட்டர்னுக்குப் பின்னால் போடும் கொடிகள், அதாவது தேடும் விதத்தை மாற்றும் ஒற்றை எழுத்துகள், விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. காலி பேட்டர்னோடு நீங்கள் எழுதும் கொடிகளில் ஜி, சி இரண்டை மட்டும்தான் பெர்ல் மதிக்கும், மற்றவை பழைய பேட்டர்னில் இருந்தபடியே. பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காதே என்று ஐ கொடி போட்டிருந்தாலும் அது காற்றோடு போய்விடும்.

இப்படி ஒரு விதியை ஏன் வைத்தார்கள் என்று கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் இது பெர்லை 1987-ல் லாரி வால் வெளியிட்டபோது புதிதாக முளைத்த வழக்கம் இல்லை. யூனிக்ஸின் பழைய எடிட்டர் காலத்திலிருந்தே இரண்டு சாய்கோட்டுக்கு நடுவில் ஒன்றும் எழுதாவிட்டால் "போன தடவை தேடியதையே தேடு" என்று அர்த்தம், செட், விஐ என்ற யூனிக்ஸ் எடிட்டர்கள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. கையால் தட்டச்சு செய்துகொண்டே திருத்துகிறவருக்கு இது பெரிய வசதி: ஒரு சொல்லைத் தேடிப் பிடித்துவிட்டு, அடுத்த கட்டளையில் அதே சொல்லை மறுபடி அடிக்காமல் மாற்றிவிடலாம். ஒரு வித்தியாசம் மட்டும் மனதில் இருக்கட்டும், செட் எடுப்பது கடைசியாகப் பயன்படுத்திய பேட்டர்னை, பெர்ல் எடுப்பது கடைசியாக ஜெயித்த பேட்டர்னை. எடிட்டரில் மனிதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தானாக ஓடும் ஸ்கிரிப்டில் யாரும் இல்லை, அங்கேதான் அந்த வசதி ஆபத்தாகிறது.

மூன்றாவது படி: காலி எந்த வழியாக உள்ளே வருகிறது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. நேரடியாக யாரும் இரண்டு சாய்கோட்டை ஒட்டி எழுதுவதில்லை, வேரியபிள் வழியாகத்தான் எப்போதும் வரும்.

கோப்பிலிருந்து வரும் வெற்று வரி முதல் வழி. என் கதையில் அதற்கு ஒரு முன்கதையும் இருக்கிறது. பார்ட்டி பட்டியலை யாரோ விண்டோஸ் கம்ப்யூட்டரில் திறந்து சேமித்துக் கொடுத்தார்கள், அதன் பிறகு லினக்ஸில் ஒரு பெயர்கூடப் பொருந்தவில்லை. ஏனென்றால் விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு எழுத்து வைக்கிறது, வரி முடிவை வெட்டும் பெர்லின் சாம்ப் கட்டளை அதில் கடைசி ஒன்றை மட்டும் எடுக்கிறது, மற்றொன்று கண்ணுக்குத் தெரியாமல் பெயரோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, பெயரின் முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடம் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கிற ஒரு வரியைச் சேர்த்தேன். பெயர்கள் பொருந்த ஆரம்பித்தன, நானும் வீட்டுக்குப் போய்விட்டேன். ஆனால் அதுவரை அந்த ஒற்றை எழுத்தாவது மிச்சமிருந்த கடைசி வரி, நான் சுரண்டிய பிறகு முழுக் காலியாகிவிட்டது. ஒன்றைச் சரிசெய்த கையோடு இன்னொன்றைத் திறந்துவிட்டேன். வெற்றிடத்தைச் சுரண்டும் வரி எங்கெல்லாம் இருக்கிறதோ, அதற்கு அடுத்த வரியிலேயே காலிதானா என்ற சோதனையும் இருக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து என் பழக்கம்.

அடுத்து, மனிதர் கொடுக்கும் உள்ளீடு. தேடல் பெட்டியில் ஒன்றும் எழுதாமல் என்டர் தட்டுவார்கள். மதிப்பே கொடுக்கப்படாத வேரியபிளும் இதே கதிதான். எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருந்தால் பெர்ல் ஒரு வார்த்தை முணுமுணுக்கும், பிறகு அதைக் காலி ஸ்டிரிங்காகவே எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது வழியில் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். உள்ளீட்டில் புள்ளி, நட்சத்திரம், அடைப்புக்குறி இருந்தால் ரெஜெக்ஸ் உடைந்துவிடக் கூடாது என்று அவற்றைச் சாதாரண எழுத்தாகவே எடுக்க வைக்கும் கோட்மெட்டா கட்டளை வழியாகவோ, பேட்டர்னுக்குள் பேக்ஸ்லாஷ் கியூ போட்டோ பாதுகாப்போம். நல்ல பழக்கம்தான், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் காலியைப் பாதுகாத்தால் காலிதான் கிடைக்கும். அது விசேஷ எழுத்துகளுக்கான வேலி, இந்த ஓட்டையை அடைக்காது.

நான்காவது, பல பெயர்களைச் செங்குத்துக் கோட்டால் கோத்து ஒரே பேட்டர்னாக்குவது. பட்டியலில் ஒரு காலி உறுப்பு இருந்தால் இப்படி ஆகிவிடும்:

/பவானி|சென்னிமலை|/

இது காலி பேட்டர்ன் இல்லை, ஆகவே பழைய பேட்டர்ன் விதி இங்கே வராது. ஆனால் கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லாத ஒரு மாற்று இருக்கிறது, அது எதோடும் பொருந்தும். ஆக இந்தப் பேட்டர்ன் கோபிசெட்டிபாளையத்தையும் பிடிக்கும், பொள்ளாச்சித் தேங்காயையும் பிடிக்கும். பட்டியலே முழுக் காலியாக இருந்தால் கோத்து வருவதும் முழுக் காலி, அப்போது மறுபடி பழைய பேட்டர்ன் விதி. ஒரே இடத்தில் இரண்டு விதமான தப்பு வர வழி இருக்கிறது.

இதற்கு நேர் எதிரானது ஒன்றும் உண்டு: பார்க்கக் காலி, ஆனால் காலி இல்லை. வாட்ஸ்அப்பிலிருந்தோ எக்செலிலிருந்தோ ஒட்டும்போது அகலமே இல்லாத இடைவெளி எழுத்து கூடவே வந்துவிடும். சாதாரண வெற்றிடச் சுரண்டல் அதைத் தொடாது. பேட்டர்ன் எதோடும் பொருந்தாமல் நிற்கும், நீங்கள் திரையைப் பார்த்து ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். சந்தேகம் வந்தால் ஸ்டிரிங்கின் நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

நான்காவது படி: காலி என்றால் என்ன அர்த்தம் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்

இது புரோகிராம் வேலை இல்லை, வியாபாரக் கேள்வி. தேடல் பெட்டி காலியாக இருந்தால் எல்லாச் சரக்கையும் காட்டு என்பது நியாயமான அர்த்தம். பார்ட்டி பட்டியலில் வெற்று வரி இருந்தால் அப்படி ஒரு பார்ட்டியே இல்லை, தாண்டிப் போ. ஒதுக்க வேண்டிய பெயர்களின் பட்டியல் காலி என்றால் யாரையும் ஒதுக்காதே, அதாவது ஒன்றோடும் பொருந்தக் கூடாது. அழிக்க வேண்டிய பதிவுகளைத் தேர்ந்தெடுக்கும் பேட்டர்ன் காலியாக வந்தால்? அங்கே ஊகமே கூடாது, ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்று சத்தம் போட வேண்டும். நான்கு இடத்தில் நான்கு அர்த்தம், நாம் சொல்லாவிட்டால் பெர்ல் ஐந்தாவதாக ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

ஐந்தாவது படி: முடிவு செய்ததை எழுத்தில் வையுங்கள்

எல்லாவற்றோடும் பொருந்த வேண்டும் என்றால் வேரியபிளைக் குழு அடைப்புக்குள் வையுங்கள்:

/(?:$தேடல்)/

தேடல் காலியாக இருந்தாலும் பேட்டர்னில் அந்த அடைப்பு எழுத்துகள் இருப்பதால் பெர்ல் அதைக் காலி என்று எண்ணாது, பழைய பேட்டர்னைத் தேடிப் போகாது. காலி என்றால் எல்லாம் பொருந்தட்டும் என்று முடிவு செய்த இடங்களில் மட்டும் இதைச் செய்யுங்கள், அழிக்கும் பேட்டர்ன் போன்ற இடங்களில் வேண்டாம். கோட்டால் கோத்த பட்டியலுக்கும் இதே அடைப்பு தேவைப்படும், அதன் முன்னால் வரித் தொடக்கக் குறி போடுகிறீர்கள் என்றால் நிச்சயம் தேவை. இல்லாவிட்டால் அந்தக் குறி முதல் பெயருக்கு மட்டும் சேரும்.

எதோடும் பொருந்தக் கூடாது என்றால்:

/(?!)/

"இந்த இடத்துக்குப் பிறகு ஒன்றுமில்லாதது வரக் கூடாது" என்பது இதன் பொருள், ஒன்றுமில்லாதது எங்கேயும் இருக்கும் என்பதால் இது எப்போதும் தோற்கும். ஒதுக்கும் பட்டியல் காலியானால் இதை வைத்துவிடுங்கள்.

தாண்டிப் போக வேண்டும் என்றாலோ நிறுத்த வேண்டும் என்றாலோ பேட்டர்னுக்குப் போவதற்கு முன்பே நீளத்தைச் சோதியுங்கள். இங்கே ஒரு பழைய குழி இருக்கிறது: வேரியபிளை நேரடியாக உண்மையா பொய்யா என்று சோதிக்காதீர்கள். பெர்லில் ஒற்றைச் சுழியம் மட்டுமே உள்ள ஸ்டிரிங்கும் பொய்தான். லாட் எண் 0 என்று யாராவது தேடினால் அதையும் காலி என்று தூக்கி எறிந்துவிடுவீர்கள். நீளம் சுழியமா என்றுதான் கேட்க வேண்டும்.

பட்டியலைக் கோக்கும்போது, கோப்பதற்கு முன்பே நீளம் இல்லாத உறுப்புகளை வடிகட்டிவிடுங்கள், பிறகு மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வரிசை முக்கியம்: சுரண்டு, வடிகட்டு, பாதுகாப்புக் குறி போடு, கோ, அடைப்புக்குள் வை.

உண்மையிலேயே கடைசியாக ஜெயித்த பேட்டர்ன்தான் வேண்டும் என்றால்? அபூர்வமாக வேண்டியிருக்கும். 2023-ல் வந்த 5.38 பதிப்பிலிருந்து அதற்கென்றே தனியாக ஒரு சிறப்பு வேரியபிள் இருக்கிறது, கடைசியாக ஜெயித்த பேட்டர்ன் அதில் இருக்கும். அதை எழுதினால் படிக்கிறவருக்கு உங்கள் எண்ணம் புரியும், காலியாக விட்டால் மறந்துவிட்டார் என்றுதான் நினைப்பார்.

ஆறாவது படி: ஸ்பிளிட் தனி, அதிலும் தமிழ் தனி

ஸ்டிரிங்கைத் துண்டாக்கும் ஸ்பிளிட் கட்டளைக்குக் காலி பேட்டர்ன் கொடுத்தால் பழைய பேட்டர்ன் விதி பொருந்தாது, அது எழுத்து எழுத்தாகப் பிரிக்கும். ஆங்கிலத்துக்கு இது போதும். நமக்குப் போதாது. "கொங்கு" என்பதைப் பிரித்தால் நாம் எதிர்பார்ப்பது கொ, ங், கு என்ற மூன்று. கிடைப்பது க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி என்று ஆறு துண்டு. யுனிகோடு அப்படித்தான் சேமிக்கிறது. யுடிஎஃப்8 என்று சொல்ல மறந்திருந்தால் இன்னும் மோசம், ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட் வீதம் பதினெட்டாக உடையும். காலியைக் கொண்டு எழுத்துகளுக்கு நடுவே கோடு செருகினாலும் இதே கதை, ஆறு துண்டைச் சுற்றி ஏழு கோடு விழும், புள்ளியும் கொம்பும் தனியாகத் தொங்கும். தமிழை எழுத்தாகப் பிரிக்க வேண்டுமென்றால் காலி பேட்டர்னை விட்டுவிட்டு, பேக்ஸ்லாஷோடு பெரிய எக்ஸ் போடும் பேட்டர்னை எடுத்துப் பொருத்துங்கள். அது மெய்யையும் குறியையும் சேர்த்தே பிடிக்கும், கொங்குவுக்கு மூன்றுதான் வரும்.

சாய்கோடுகள் இரண்டும் ஒட்டி நிற்கும்போது இன்னொரு குழப்பமும் உண்டு. 5.10 பதிப்பிலிருந்து அதே இரட்டைச் சாய்கோடு "மதிப்பு இருந்தால் இது, இல்லாவிட்டால் அது" என்ற ஆபரேட்டராகவும் இருக்கிறது. சந்தேகமான இடத்தில் பெர்ல் ஆபரேட்டர் என்றே எடுக்கும். ரெஜெக்ஸ்தான் வேண்டும் என்றால் முன்னால் எம் எழுத்தைப் போடுங்கள்.

ஏழாவது படி: மற்ற இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு

பெர்லில் பழகிய கையோடு வேறு மொழிக்குப் போனால் விதி மாறும். பைத்தானிலும் ரூபியிலும் காலி பேட்டர்ன் நேர்மையானது, எல்லாவற்றோடும் பொருந்தும், பழசை நினைவில் வைக்காது. பைத்தானில் ரெஜெக்ஸ் ஸ்பிளிட் காலி இடங்களில் பிரிப்பதை 2018-ல் வந்த 3.7 பதிப்பிலிருந்துதான் ஏற்றுக்கொண்டது. சாதாரண ஸ்டிரிங் ஸ்பிளிட்டுக்குக் காலி கொடுத்தால் இன்றும் பிழை சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு சாய்கோடு ஒட்டி எழுதினால் அது குறிப்பு வரி, ரெஜெக்ஸே இல்லை. அதனால்தான் காலி ஸ்டிரிங்கிலிருந்து ரெஜெக்ஸ் உண்டாக்கி அச்சிட்டால் மேலே நாம் பார்த்த அதே குழு அடைப்பைக் காட்டுகிறது. அங்கே பயப்பட வேண்டியது ஒன்று: ஜி கொடியோடு காலியாகப் பொருந்தக்கூடிய பேட்டர்னை எக்ஸெக் என்ற தேடும் கட்டளையை வைத்து லூப்பில் ஓட்டினால் இடம் நகராது, லூப் முடியவே முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் காலி மேட்ச் வந்தால் நீங்களே ஒரு இடம் தள்ளி வைக்க வேண்டும். பிஎச்பி, பேட்டர்னின் இரு பக்கமும் போடும் எல்லைக் குறிகூட இல்லாத முழுக் காலியை எச்சரிக்கையோடு மறுத்துவிடும், எல்லைக் குறிகள் மட்டும் இருந்தால் ஏற்கும். பெர்லின் தங்கையான ராக்கு காலி பேட்டர்னையே அனுமதிப்பதில்லை, கம்பைல் ஆகும்போதே பிழை. என் மனதுக்குப் பிடித்த தீர்வு அதுதான்.

கோப்புகளில் வரி தேடிக் கொடுக்கும் கிரெப் கட்டளையைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் என் கரூர் கதையில் வந்த அதே வெற்று வரி அங்கேயும் வம்பு செய்யும். பேட்டர்ன்களைக் கோப்பிலிருந்து எடு என்று சின்ன எஃப் கொடி கொடுக்கும்போது, கோப்பு முழுக் காலியாக இருந்தால் குனூ கிரெப் ஒன்றையும் பொருத்தாது. அதே கோப்பில் ஒரே ஒரு வெற்று வரி இருந்தால் எல்லா வரியும் பொருந்தும். பட்டியலைத் திறந்து கடைசியில் ஒரு என்டர் அதிகமாகத் தட்டிவிட்டால் போதும்.

எட்டாவது படி: பழைய ஸ்கிரிப்டுகளைத் துழாவுங்கள்

உங்கள் பழைய கோப்புகளில், சாய்கோட்டுக்கு அடுத்து உடனே டாலர் குறி, வேரியபிள் பெயர், உடனே மூடும் சாய்கோடு என்று இருக்கும் இடங்களைத் தேடுங்கள். நடுவில் வேறு எழுத்து எதுவும் இல்லாத இடங்கள் மட்டும்தான் பழைய பேட்டர்ன் விதியில் மாட்டும். பேக்ஸ்லாஷ் கியூ மட்டும் கூட இருப்பவற்றையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வரித் தொடக்கக் குறி முன்னால் இருந்தால் அந்த விதி வராது, ஆனால் காலியானால் எல்லா வரியும் பொருந்திவிடும், ஆகவே அதையும் ஒரு பார்வை பாருங்கள். பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று சோதனை எழுதுங்கள்: காலி ஸ்டிரிங், வெற்றிடம் மட்டும் உள்ள ஸ்டிரிங், சுழியம். காலிக்கான சோதனைக்கு முன்னால் சம்பந்தமே இல்லாத வேறொரு பேட்டர்னைக் கட்டாயம் ஜெயிக்க வைத்துவிட்டு ஓட்டுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் பெர்ல் நல்லபிள்ளையாக எல்லாவற்றோடும் பொருந்திக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும், நானும் முதல் தடவை அப்படித்தான் சோதனை எழுதி, எல்லாம் சரி என்று நினைத்தேன்.

அந்த ஈரோட்டு ஆபீஸ் ஸ்கிரிப்டுகளில் இப்படித் துழாவியபோது பதினோரு இடம் கிடைத்தது. ஒன்பதில் குழு அடைப்பு போட்டேன், ஒன்றில் எப்போதும் தோற்கும் பேட்டர்ன். மிச்சமிருந்த ஒன்று பழைய பதிவுகளை அழிக்கும் ஸ்கிரிப்ட், அதில் காலி வந்தால் நின்றுவிடும்படி மாற்றி, கணக்குப் பார்க்கும் பெரியவரின் போனுக்கே செய்தி போகும்படி வைத்திருக்கிறேன்.